ஐம்பதில் நிற்கிற முள்

பனையடிக்குளம் துணைமின் நிலையத்தில் ஏங்குவதற்கென்று ஒரு ஆள் வைத்திருந்தார்கள். அந்த வேலையில் இருந்தவள் செண்பகவடிவு.

வேலை கடினமானதில்லை. கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பெரிய மீட்டர். அதற்கு எதிரே ஒரு மர நாற்காலி. நாற்காலியின் வலது கையில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளங்கையைத் தகட்டில் வைத்து உட்கார்ந்து, வராத ஒருவரை நினைத்து ஏங்க வேண்டும். மீட்டரின் முள் ஐம்பதில் நிற்க வேண்டும். இறங்கினால் மின்விசிறிகள் சோம்பும். இன்னும் இறங்கினால் ஊர் ஊராக இருட்டிக்கொண்டே போகும். ஏறினாலும் ஆகாது, மோட்டார்கள் புகைந்துவிடும். அதனால் அந்த அறையில் யாரும் நல்ல செய்தி எதையும் சொல்லக்கூடாதென்று ஒரு வழக்கம் இருந்தது.

முன்பெல்லாம் இதற்கு ஆள் தேவைப்பட்டதில்லை. நிலக்கரி எரித்த காலத்தில் ஆலைகளில் வீடு உயரச் சக்கரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. அவற்றுக்குக் கனம் உண்டு. கரி வர நேரமானாலும், ஒரே நேரத்தில் ஊரே மோட்டார் போட்டாலும், தங்கள் கனத்தாலேயே சற்று நேரம் அதே வேகத்தில் சுற்றிக் காப்பாற்றிவிடும். பிறகு கணவாய் முழுக்கக் காற்றாலை வந்தது. செம்மணல் தேரிக்காடு முழுக்கச் சூரியத் தகடு வந்தது. புகை ஒழிந்தது, சந்தோஷம். ஆனால் வெயிலுக்குக் கனம் கிடையாது, காற்றுக்கு அறவே கிடையாது. ஒரு மேகம் வந்து மறைத்தால் முள் துள்ளியது, காற்று மூச்சு வாங்கினால் முள் சரிந்தது. கனமானதாக, சட்டென்று மாறாததாக, தள்ளிவிட்டவர் போன பிறகும் தன்போக்கில் சுற்றிக்கொண்டே இருப்பதாக ஒன்று வேண்டுமென்று மின்வாரியம் தேடியது. அது மனிதர்களிடம் ஏராளமாகக் கிடந்தது.

ஆள் எடுத்த அன்று வரிசை பஸ் ஸ்டாண்டு வரை நின்றது. இடமாற்றத்துக்காக ஏங்கிய வாத்தியார் ஒருவர் உட்கார்ந்ததும் முள் வெட்டி வெட்டி இழுத்தது. மாமியார் வைக்கும் மீன்குழம்புக்காக ஏங்கியவர் மதியம் வரை பிரமாதமாகத் தாங்கினார். சாப்பிட்டுவிட்டு வந்தபின் ஒன்றும் தேறவில்லை. ஒரு கவிஞர் கண்ணை மூடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்தது முள்ளுக்குத் தெரியவே இல்லை. இறந்துபோனவர்களுக்காக ஏங்கியவர்களை மரியாதையாகக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களுடைய துக்கம் கனமானதுதான், ஆனால் அது ஓரிடத்தில் நின்றுபோயிருந்தது, சுற்றவில்லை. வடிவு உட்கார்ந்து கை வைத்த நேரத்தில் வெளியே பெரிய மேகமொன்று தேரிக்காட்டை மூடியது. முள் அசையவில்லை. அவளை மறுநாளே வரச் சொன்னார்கள்.

அவள் ஏங்கியது பால்வண்ணத்துக்காக. அத்தை மகன். நிச்சயதார்த்தத்தன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவன் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். மூன்று ஆட்டு, ஒரு நிறுத்தம், அப்புறம் ஒரு ஆட்டு. பெஞ்சோடு சேர்ந்து பெரியவர்களும் ஆடினார்கள். தட்டு மாற்றுகிற நேரத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இல்லையென்று தெரிந்தது. நான் போய் வாங்கிட்டு வாரேன் என்று மாப்பிள்ளையே எழுந்து போனான். வெட்கத்தில் எங்காவது எழுந்து போக மாட்டோமா என்றிருந்தவனுக்குச் சுண்ணாம்பு ஒரு சாக்கு. போனவன் வரவில்லை. விருந்தாளிகள் சாயங்காலம் வரை காத்திருந்து, சுண்ணாம்பு இல்லாமலே வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

வடிவுக்கு வேறு இடம் பார்த்தார்கள். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே எழுந்து போனார்கள். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் இன்னும் அவள் எழுந்து போய் எட்டிப் பார்ப்பாள். அவன்மேல் கோபமா என்று கேட்டால் இல்லை. அவன் வேண்டும், அவ்வளவுதான். வருடங்கள் போகப் போக அது குறையவில்லை. அது குறையாததால்தான் சுற்றுவட்டாரத்து மாவு மில்கள் ஓடின, அரசு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பச்சைப் பிள்ளைகளுக்குச் சூடு கிடைத்தது.

நிலையத்துக்குப் பொறுப்பு, உதவிப் பொறியாளர் திரவியம். பேசுவதற்கு முன்னால் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தான் எதற்காகவும் ஏங்கியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அது உண்மைதான், ஒரு முறை வடிவு காய்ச்சலில் விடுப்பு எடுத்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், முள் சரிந்து, ஜீப் அனுப்பி வடிவை ஆஸ்பத்திரியிலிருந்து கம்பளியோடு தூக்கிக்கொண்டு வரும்படி ஆகிவிட்டது. சாயங்காலம் டீ குடிக்காவிட்டால் அவருக்குத் தலைவலி வரும். வடிவு தன் பிளாஸ்கிலிருந்து அவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றுவாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் வடிவு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். கை தகட்டிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. விழித்துப் பதறி மீட்டரைப் பார்த்தாள். முள் ஐம்பதில் நின்றது. அவள் தாங்காமலே நின்றது. முதலில் அவளுக்கு அவமானமாக இருந்தது. பிறகு கிட்டப் போய்ப் பார்த்தாள். முள் அடியோடு அசையாமல் இல்லை. மயிரிழை அளவுக்கு நடுங்கியது. மூன்று நடுக்கம், ஒரு நிறுத்தம், அப்புறம் ஒரு நடுக்கம்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திரவியம் வந்தபோது, இந்தக் கம்பியின் அடுத்த முனையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அவர் செருமிக்கொண்டு சொன்னார்: "கம்பி எங்க வரைக்கும் போகுதோ அங்க வரைக்கும் முள்ளு ஒண்ணுதாம்மா. இங்க ஆடினா அதே நேரத்துல அங்கயும் ஆடும். கடலோரம் உப்பாத்துமுனையில ஒரு நிலையம் இருக்கு. அங்கயும் ஒரு ஆளு ஒக்காந்து ஏங்குதாரு. நல்ல வேலைக்காரருன்னு பேரு."

வடிவு நாற்காலிக்குத் திரும்பினாள். கையைத் தகட்டில் வைத்து, ஒரு நொடி எடுத்து, மறுபடி வைத்தாள். முள் லேசாகக் குழிந்து எழுந்தது. மாநிலம் முழுக்க மின்விசிறிகள் ஒரு முறை தயங்கின. படுத்திருந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தார்கள். சற்று நேரம் ஒன்றுமில்லை. முழங்கால் நடுக்கம் கூட நின்றுபோயிருந்தது. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து முள் ஒரு முறை குழிந்து எழுந்தது. வடிவு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், சந்தோஷம் தகட்டில் இறங்கிவிடக் கூடாதே என்று.

தலைநகரிலிருந்த கட்டுப்பாட்டு மையத்துக்குத் திரவியம் போன் செய்து கேட்டார். அவர்களுக்கு இது முதலிலேயே தெரிந்திருந்தது. ஒருவரையொருவர் நினைத்து ஏங்கும் இரண்டு பேரைக் கம்பியின் இரண்டு முனையில் வைத்தால் நடுவில் எது நடந்தாலும் முள் அசையாது என்று, தேடிப் பிடித்துத்தான் வைத்திருந்தார்கள். உப்பாத்துமுனைக்காரர் சுண்ணாம்பு வாங்கப் போய் பஸ் மாறி ஏறிவிட்டவர். நேரமாகிவிட்டதே என்று வெட்கப்பட்டு அன்றைக்குத் திரும்பவில்லை, மறுநாள் இன்னும் நேரமாகியிருந்தது, அதற்கு மறுநாள் அதைவிட. வெட்கம் அதுபாட்டுக்கு வளர்ந்துகொண்டே போனது. வடிவுக்கு விஷயம் தெரிந்துவிட்டதென்றதும் மையத்தில் கொஞ்சம் கவலைப்பட்டார்கள். ஆனால் அவன் இருக்கும் இடம் தெரிந்த பிறகு அவளுடைய ஏக்கம் இரண்டு மடங்கு கனத்துவிட்டது. முள் அடித்து வைத்த ஆணி போல நின்றது. மையத்திலிருந்து பாராட்டி ஒரு சால்வை அனுப்பினார்கள்.

வடிவு சால்வையை மடித்து நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"எனக்கு அங்க போணும் சார்" என்றாள் ஒரு நாள்.

"போனா ரெண்டு பேரும் ஏங்க மாட்டீக."

"மாட்டோம்."

"அப்ப பொழுது அடையும்போது முள்ளு என்னம்மா செய்யும்?"

அவளுக்குத் தெரியும். பொழுது அடையும்போதுதான் தேரிக்காட்டுத் தகடுகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் கையை விரிக்கும்; அதே நேரத்தில்தான் ஊர் முழுக்க விளக்குப் போடும். அந்த நேரத்தில் கனம் இல்லையென்றால் எல்லாம் போயிற்று. ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிகளை அவள் போய்ப் பார்த்திருக்கிறாள். அவன் பஸ்ஸில் போய்விடும் தூரத்தில் இருந்தான். அவளால் போக முடியாது. தெரியாமல் இருந்த காலமே தேவலை என்று அவளுக்கு ஒவ்வொரு சாயங்காலமும் தோன்றும். முள் குழிந்து எழும்போது அந்த எண்ணம் போய்விடும்.

தை பிறந்ததும் லாரியில் பெட்டி வந்தது. நீல நிறத்தில், ஒரு வகுப்பறை அளவுக்கு நீளமான இரும்புப் பெட்டி. உள்ளே வரிசை வரிசையாக பேட்டரி. பகலில் வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும், கேட்ட நேரத்தில் கொடுக்கும். முற்றத்து ஜல்லியில் இறக்கி வைத்தார்கள். நல்ல பெட்டிதான். ஆனால் முள் அதை மதிக்கவில்லை. அது புதுசு, அதற்கு எதுவும் குறைந்திருக்கவில்லை.

அதற்கும் ஏங்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்று மையத்திலிருந்து உத்தரவு வந்தது. எப்படி என்று உத்தரவில் இல்லை. திரவியம்தான் யோசித்து ஒரு வழி சொன்னார். குழந்தைக்குப் பால்குடி மறக்கடிக்கிற மாதிரி. முதலில் கூடவே இருந்து நன்றாகப் பழக வேண்டும். அப்புறம் விட்டுவிட்டுப் போக வேண்டும். பெட்டி நன்றாக ஏங்கிவிட்டால் இரண்டு நாற்காலிகளின் கனத்தையும் அது ஒன்றே தாங்கும். அப்புறம் வடிவு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

வடிவின் நாற்காலியை நீளக் கம்பியோடு பெட்டியின் நிழலில் கொண்டுவந்து போட்டார்கள். வலது கை தகட்டில், இடது கை பெட்டியில். அவள் அதன் பக்கத்தில் சாப்பிட்டாள், தலைமுடி உலர்த்தினாள், பேசினாள். பால்வண்ணம் வெற்றுச் சாலையிலும் மணியடித்துக்கொண்டே சைக்கிள் விடுவான் என்று சொன்னாள். தோசையை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிப் பிய்த்து நடுவில் வந்து முடிப்பான் என்று சொன்னாள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கல் உப்புப் பொட்டலம் வைத்திருப்பான், மாங்காய் எங்கே கிடைக்குமென்று யாருக்குத் தெரியும். முழங்காலைப் பற்றி அடிக்கடி சொன்னாள். தன்னைப் பற்றிச் சொல்ல அவளுக்கு வேறெதுவும் இல்லை. பெட்டி ரீங்காரமிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தது.

திரவியமும் வேலை முடிந்ததும் வந்து உட்கார ஆரம்பித்தார். செம்மண் தூசி படிகிறதென்று துண்டால் பெட்டியைத் துடைப்பார். வெயில் ஏறிய பக்கத்தில் தென்னங்கீற்று சாத்திவைப்பார். கிளம்பும்போது வடிவிடம் சொல்லிக்கொள்கிறாரோ இல்லையோ, பெட்டியிடம் வரட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் போவார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தார். அது கடமை என்றார்.

பங்குனியில் ஒரு நாள் சோதித்தார்கள். பொழுது அடைகிற நேரத்தில் வடிவு கையை எடுத்துவிட்டு, கேட்டைத் தாண்டிப் போய் சாலையில் நின்றாள். மையம் சொல்லி உப்பாத்துமுனையில் பால்வண்ணமும் கையை எடுத்துவிட்டான். தேரிக்காட்டுத் தகடுகள் அணைந்தன. ஊரில் விளக்குகள் வந்தன. முள் மெல்ல இறங்கி, யோசித்து, ஐம்பதில் வந்து நின்றது. பெட்டியின் ரீங்காரம் அடிவயிற்றிலிருந்து வருவது போலத் தாழ்ந்து கனத்தது. திரவியம் கேட்டுக்கு வந்து, "ஒங்களத்தாம்மா தேடுது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. தன்னையும் ஒன்று தேடுகிறது என்பது அவளுக்குப் புதிது.

மறுநாள் சாயங்காலம் அவள் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு ஊரில் கொஞ்சம் மங்கினாலும் இறங்கித் திரும்பிவிடுவதென்று முடிவு செய்திருந்தாள். டீக்கடை பல்புகள், சர்ச் கோபுரத்துக் குழல்விளக்கு, பெட்ரோல் பங்க், உப்பளத்து மோட்டார் அறை. எல்லாம் நின்று எரிந்தன. கண்டக்டர் வந்து உப்பாத்துமுனை என்று சொன்ன பிறகும் அவளுக்கு எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை. அவர் அவளுடைய பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு விசில் கொடுத்தார்.

பால்வண்ணம் நிலையத்துக் கேட்டில் நின்றுகொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு சுண்ணாம்பு டப்பா. இத்தனை வருடமும் தினம் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காயாமல் வைத்திருந்தான்.

"கொஞ்சம் நேரமாயிட்டு" என்றான்.

"ஆமா" என்றாள் வடிவு. "பஸ்ஸு சரியில்ல."

அவள் விரலால் கொஞ்சம் சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அவன் டப்பாவை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தான். தெருவிளக்கு அசையாமல் எரிந்தது.

வாரியக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. பால்வண்ணம் பேசுவது குறைவு. தோசையை ஓரத்திலிருந்து சுற்றித்தான் தின்றான். மதியத்தில் அவன் தூங்கும்போது வடிவு பக்கத்தில் உட்கார்ந்து, வேறு வேலையில்லாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் வலது உள்ளங்கை சும்மா இருக்க முடியாமல் தரையைத் தடவும். அவ்வப்போது பெட்டியை நினைத்துக்கொள்வாள். தன்னை நினைத்துக்கொண்டு அது அங்கே ஜல்லியில் கிடக்கிறதே என்று பாவமாக இருக்கும். ஒரு எட்டு போய்ப் பார்க்கலாம், ஆனால் பார்த்தால் அதன் ஏக்கம் தீர்ந்துவிடும், போகக் கூடாது.

ஆனி மாதம் காற்று ஓங்கி அடித்த ஒரு சாயங்காலம், அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ரீங்காரம் கேட்டது. வடிவு எட்டிப் பார்த்தாள். பெட்டி தெருவில் நின்றது. அடியில் பனையடிக்குளத்து ஜல்லியும் வழியெல்லாம் ஒட்டிய செம்மண்ணும், ஒரு மூலையில் உடைமரத்து முள் கொப்பும். பக்கத்து வீட்டுக்காரர் அது நிற்பதற்கு இடம் வேண்டுமென்று தன் ஸ்கூட்டரை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

வடிவு இறங்கிப் போய் அதன்மேல் கை வைத்தாள். ரீங்காரம் மாறவில்லை. அது அவளைப் பார்க்க வரவில்லை.

அவள் உள்ளே திரும்பி, "அத்தான், ஒங்களத் தேடி வந்திருக்கு" என்றாள்.

பால்வண்ணம் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். அவன் படியிறங்கியதுமே பெட்டியின் ரீங்காரம் எழும்பி, மூன்று அடி, ஒரு நிறுத்தம், அப்புறம் ஒரு அடி என்று தட்டியது. அவன் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தான். அவ்வளவு தூரம் வந்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்திவிட்டோமே என்று படியில் உட்கார்ந்து பெட்டியில் சாய்ந்துகொண்டான். அவனுடைய முழங்கால் ஆட ஆரம்பித்தது. வடிவுக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு அது நியாயமாகத்தான் பட்டது. நிழலில் உட்கார்ந்து அவள் சொன்னதெல்லாம் அவனைப் பற்றித்தானே.

"அப்ப அங்க யாரு தாங்குதா?" என்று பால்வண்ணம் கேட்டான்.

கடலுக்கு மேல் பொழுது அடைந்துகொண்டிருந்தது. தகடுகள் அணைகிற நேரம். வடிவு கூடத்துக்கு ஓடி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். அது இரண்டு முறை தயங்கியது, செருமியது போல. அப்புறம் கனமாக, சீராக, ஓடத் தொடங்கியது. தெருவில் ஒவ்வொன்றாக விளக்குகள் வந்தன. ஒன்றும் மங்கவில்லை.

"திரவியம் சாரு" என்றாள் வடிவு. "நாக்காலியில ஒக்காந்துட்டாவ."

அந்த நாற்காலி எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். பெட்டி கிடந்த இடத்து வெறும் ஜல்லியைப் பார்த்தபடி அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்றும் தெரியும், தூசி துடைக்கிற துண்டு மடியில் இருக்கும். சற்று நேரம் அவள் மின்விசிறிக்குக் கீழேயே நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போய் டீயை வடிகட்டினாள். பால்வண்ணத்துக்கு ஒன்று, பெட்டிக்கு மரியாதைக்காக ஒன்று, தனக்கு ஒன்று. இன்னொரு டம்ளரில் ஊற்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்து மின்விசிறிக்கு நேர் கீழே தரையில் வைத்தாள். சாயங்காலம் டீ குடிக்காவிட்டால் அவருக்குத் தலைவலி வரும்.

சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தபோது டம்ளர் காலியாகியிருந்தது. அவள் அதைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள்.